மிக்கோவாவும் அதன் அண்டை ஊர்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை சொல்லும்போது, அவருடைய பெற்றோர் வடகிழக்கு ஸ்லோவாக்கியாவில் மிக்கோவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ருசின் இனத்துக் குடியானவர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஓவியரைப் பற்றி எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மிகுதி. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஊருக்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் ஒதுக்குகிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப்பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ருசின் என்பவர்கள் ரஷ்யர்கள்தானே? பெயரைச் சற்று மாற்றி எழுதிவிட்டீர்களா? (விருதுநகர் வாசகர்)

பதில்: மாற்றி எழுதவில்லை, இவர்கள் வேறு மக்கள். பழைய கீவ் நாட்டுக்கு வழங்கிய 'ருஸ்' என்னும் பெயரிலிருந்தே இரண்டு பெயர்களும் கிளைத்தன, இரண்டு மொழிகளும் கிழக்கு ஸ்லாவியக் கிளையைச் சேர்ந்தவை, உறவு அவ்வளவே. ருசின் மக்களின் தாயகம் கார்பாத்திய மலைத்தொடரின் இரு சரிவுகளிலும் பரவிக் கிடக்கிறது. ஸ்லோவாக்கியாவின் வடகிழக்கு மூலை, உக்ரைனின் மேற்குக் கோடியான ஸகர்பாத்தியா, போலந்தின் தென்கிழக்குப் பகுதி ஆகிய மூன்றும் அதில் அடங்கும். போலந்துப் பக்கத்தில் உள்ளவர்களை லெம்கோ என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தெற்கே குடிபெயர்ந்தவர்களின் வழியினர் இன்று செர்பியாவின் வோய்வோதினா மாநிலத்தில் வாழ்கிறார்கள்.

இவர்களுடைய பக்கத்து ஊர்க்காரர்களான ஸ்லோவாக்குகள் பேசுவது மேற்கு ஸ்லாவிய மொழி. அதை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். ருசின் மொழியை எழுதுவது கிரில்லிய எழுத்தில். பசுவுக்கு ஸ்லோவாக்கில் 'க்ராவா', ருசினில் 'கொரோவா'. தலைக்கு 'ஹ்லாவா', 'ஹொலோவா'. பாலுக்கு 'ம்லியெகோ', 'மொலொகோ'. காதுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கிவிடும். மதத்தில்தான் கோடு சற்று அழுத்தமாக விழுந்திருக்கிறது. 1646ஆம் ஆண்டு உஜ்ஹொரோத் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, போப்பாண்டவரின் தலைமையை ஏற்றுக்கொண்டு, வழிபாட்டு முறையையும் பாதிரியார்கள் மணம் செய்துகொள்ளும் உரிமையையும் கீழைத் திருச்சபை மரபிலேயே வைத்துக்கொண்ட கிரேக்கக் கத்தோலிக்கர்கள் இவர்கள். ஆனால் கிரேக்கக் கத்தோலிக்கர் எல்லாரும் ருசின் அல்லர். ஸ்லோவாக் பேசும் கிரேக்கக் கத்தோலிக்க ஊர்களும் நிறைய உண்டு. ருசின்களில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் உண்டு.

கேள்வி: அத்தகைய ஊர் ஒன்று எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்த முடியுமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: முயல்கிறேன். இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஓர் ஓடை. ஓடையை ஒட்டி ஒரே சாலை. சாலையின் இரு பக்கமும் வீடுகள். ஊருக்கு மேலே சிறு மேட்டில் தேவாலயம். ஊர் அகலத்தில் வளர்வதில்லை, ஓடை போகும் வழியில் நீளத்தில் வளர்கிறது. ருசின் ஊர்களில் மேற்கே கடைசியாக உள்ள ஒஸ்துர்ன்யா இதற்கு நல்ல சான்று. சில நூறு பேரே வாழும் அவ்வூர் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. அங்குள்ள மரவீடுகள் கலையாமல் இருந்ததால் 1979இல் ஊரையே மரபுக் கட்டடக் காப்பிடமாக அறிவித்தார்கள்.

வீட்டை ருசின் மொழியில் 'ஹிஜா' என்கிறார்கள். பழைய வீடுகளில் மனிதர் வாழும் அறை, நடை, தானியக் களஞ்சியம், மாட்டுத் தொழுவம் எல்லாம் ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். பனிக்காலத்தில் மாட்டுக்குத் தீவனம் வைக்க வெளியே இறங்க வேண்டியதில்லை என்பதே காரணம்; அதை அழகுக்காகச் செய்ததாக எழுதும் பயணக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. மண் வளம் குறைந்தது. கோதுமை சரியாக வராது. ஓட்ஸும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வைக்கோல்புல்லும்தான் இந்த மலைகளின் விளைச்சல். மகன்களுக்குப் பிரிக்கப்பட்டுப் பிரிக்கப்பட்டு நிலம் கயிற்றைப்போல் மெலிந்த துண்டுகளானதையும், அதனால் ஊர் காலியானதையும் பிறகு சொல்கிறேன்.

தேவாலயங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்லோவாக்கியாவின் எட்டு மரத் தேவாலயங்களை 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் போத்ருஜால், லதோமிரோவா, ருஸ்கா பிஸ்ட்ரா ஆகிய மூன்று ஊர்களின் தேவாலயங்கள் கிரேக்கக் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தவை. போத்ருஜாலில் உள்ள தூய நிக்கோலாஸ் தேவாலயத்தை 1658இல் கட்டினார்கள். இன்று அவ்வூரில் நூறு பேர்கூட இல்லை. கட்டடம் மூன்று பகுதிகளாக இருக்கும். நுழைந்ததும் உள்ள முதற்பகுதிக்குப் 'பபினெட்ஸ்' என்று பெயர். பெண்கள் நிற்கும் இடம் என்று பொருள். அடுத்தது நடுக்கூடம், கடைசியில் பலிபீடம். மூன்றின் மேலும் மூன்று கோபுரங்கள், மேற்கில் உயரமாகத் தொடங்கிக் கிழக்கே போகப் போகத் தாழ்ந்து வரும். சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோத்த மரக்கட்டைகளால் ஆனவை. கூரையும் கோபுரமும் மீன் செதில்போல் பதித்த மரச்சில்லுகளால் மூடியவை. நடுக்கூடத்துக்கும் பலிபீடத்துக்கும் இடையே கூரைவரை எழும் புனிதர் படச்சுவர் நிற்கும். வெளியே கருத்துப்போன மரமாகத் தெரிவது, உள்ளே நுழைந்ததும் பொன்னும் சிவப்பும் நீலமுமாகத் திறந்துகொள்ளும்.

கேள்வி: என் மகன் கோஷிட்ஸே நகரில் மருத்துவம் படிக்கிறான். விடுமுறை நாளில் இந்தத் தேவாலயங்களைப் பார்க்கப் போகலாமா? (திருச்சி வாசகி)

பதில்: தாராளமாகப் போகலாம். பெரும்பாலும் கதவு பூட்டியிருக்கும். அதைக் கண்டு திரும்பிவிட வேண்டாம். சாவி ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். அவருடைய தொலைபேசி எண்ணைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பது வழக்கம். ஞாயிறு காலை என்றால் வழிபாடு நடக்கும். அந்த நேரத்தில் படம் எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. வயதானவர்களைச் சந்தித்தால் "ஸ்லாவா இசுசு கிறிஸ்து" என்று சொல்லச் சொல்லுங்கள். 'இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை' என்று பொருள். "ஸ்லாவா நா விகி", அதாவது 'என்றென்றும் மகிமை' என்று பதில் வரும். அதன்பிறகு பேச்சு எளிதாகிவிடும். சொந்த வண்டி இல்லாவிட்டால் பேருந்து நேரத்தை முன்னதாகவே பார்த்துக்கொள்ளட்டும், வார இறுதியில் இந்த ஊர்களுக்குப் பேருந்து மிகக் குறைவு.

கேள்வி: ஸ்லோவாக்கியாவில் ருசின்கள் எத்தனை பேர் என்று தேடினால் ஓரிடத்தில் 23,746 என்றும், வேறோரிடத்தில் 63,556 என்றும், மற்றோரிடத்தில் 38,679 என்றும் இருக்கிறது. மூன்றும் ஒரே ஆண்டுக்கானவை. எது சரி? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மூன்றும் சரி. வந்த கடிதங்களிலேயே சிறந்த கேள்வி இது. ஏனென்றால் இந்த ஊர்களின் எழுபது ஆண்டுக் கதை அந்த மூன்று எண்களுக்குள் இருக்கிறது.

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேசிய இனத்தை ஒன்றல்ல, இரண்டாகக் குறிக்க ஸ்லோவாக்கிய அரசு முதன்முறையாக இடம் கொடுத்தது. முதல் விடையாகவே ருசின் என்று எழுதியவர்கள் 23,746 பேர். முதல் விடையாக வேறொன்றை, பெரும்பாலும் ஸ்லோவாக் என்பதை எழுதிவிட்டு, இரண்டாவதாக ருசின் என்று சேர்த்தவர்கள் 39,810 பேர். இரண்டையும் கூட்டினால் 63,556. தாய்மொழி ருசின் என்று சொன்னவர்கள் மட்டும் 38,679 பேர். அதாவது, தன்னை ருசின் என்று முதலில் சொல்லத் தயங்குகிறவரும் தாய்மொழியைக் கேட்டால் ருசின் என்கிறார். மொழியே தெரியாத பேரப்பிள்ளையோ இரண்டாவது கட்டத்தில் ருசின் என்று குறித்துவைக்கிறது.

இந்தத் தயக்கத்தை அறியாமை என்று நினைத்துவிட வேண்டாம். அனுபவம் கற்றுக்கொடுத்த தயக்கம் அது. 1918 வரை இவர்கள் ஹங்கேரி அரசின் குடிகள். பிறகு செக்கோஸ்லோவாக்கியக் குடிகள். 1939 முதல் போர் முடியும்வரை ஹிட்லரை அண்டி நின்ற ஸ்லோவாக் அரசின் குடிகள். கிழக்கு எல்லையோர ஊர்கள் சில அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த குறுகிய போருக்குப்பின் மீண்டும் ஹங்கேரிக்குப் போயின. போருக்குப் பின்பு சோவியத் உக்ரைனில் நிலம் கிடைக்கும் என்ற அழைப்பை நம்பி 1947இல் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர் மாட்டையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். சொன்னதற்கும் கண்டதற்கும் இருந்த இடைவெளியைப் பார்த்துத் திரும்பிவர நினைத்தவர்களுக்கு 1960கள் வரை காத்திருப்பே வாய்த்தது.

ஊரிலேயே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? 1950 ஏப்ரல் 28ஆம் நாள் ப்ரெஷோவ் நகரில் கம்யூனிஸ்ட் அரசு கூட்டிய ஒரு கூட்டத்தில், கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை இனி இல்லை, அதன் மக்களும் கோயில்களும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்துவிட்டன என்று அறிவித்தார்கள். அதை ஏற்காத ஆயர் பவெல் கொய்திச் ஆயுள் தண்டனை பெற்று 1960இல் லெயோபோல்தோவ் சிறையில் இறந்தார். 2001இல் வத்திக்கான் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கியது. 1952இல் கட்சி அடுத்த முடிவை எடுத்தது: ருசின் என்று ஓர் இனம் கிடையாது, இவர்கள் உக்ரைனியர், ஆகவே பள்ளிகளில் உக்ரைனிய மொழி. முந்தின நாள்வரை தம்மை 'ருஸ்நாக்' என்று சொல்லிக்கொண்ட குடியானவர்களுக்கு, வீட்டிலும் கோயிலிலும் கேட்டறியாத ஓர் எழுத்துநடையைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஆணை. அவர்களின் விடை எளிமையானது: ருசினாக இருக்க முடியாது என்றால் உக்ரைனியராகவும் இருக்கப்போவதில்லை, ஸ்லோவாக்காகவே இருந்துவிடுகிறோம். ஊர் ஊராக ஸ்லோவாக் பள்ளி கேட்டு வாங்கினார்கள். கட்டாயப்படுத்திய அரசு நினைத்ததற்கு நேர்மாறாக, ஒரு தலைமுறைக்குள் ஸ்லோவாக்மயமாதல்தான் விரைந்தது.

1968இல் திருச்சபைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அதன்பின் கோயில் யாருக்கு என்ற வழக்கு ஊர்தோறும் எழுந்தது. 1990க்குப் பிறகு பழைய கட்டடங்களைக் கிரேக்கக் கத்தோலிக்கர் திரும்பப் பெற, ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் பல இடங்களில் தமக்கெனப் புதிதாகக் கட்டிக்கொண்டனர். இருநூறு பேர் உள்ள ஊரில் இரண்டு தேவாலயங்கள் எதிரெதிரே நிற்பதைப் பார்த்து வியக்கிற பயணிகள் இந்தப் பின்னணியை அறிந்திருப்பது நல்லது.

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்ததும் ருசின் என்ற பெயரை மீண்டும் வெளியே சொல்ல முடிந்தது. 1991 மார்ச்சில் மெட்ஸிலபோர்ட்ஸே நகரில் முதல் உலக ருசின் மாநாடு கூடியது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் 17,197 பேர் ருசின் என்று எழுதினார்கள். 2011இல் அது 33,482 ஆனது. 1995 ஜனவரி 27ஆம் நாள் பிராத்திஸ்லாவாவில் மொழிக்கு எழுத்துவழக்கு நெறிப்படுத்தப்பட்டுவிட்டதாக அறிவித்தார்கள். எண்ணைப் பார்த்து மகிழ்கிறவர்கள் தாய்மொழிக் கணக்கையும் பார்க்க வேண்டும்: 2011இல் 55,469ஆக இருந்தது பத்தே ஆண்டில் 38,679க்கு இறங்கிவிட்டது. பெயர் திரும்பி வருகிறது, பேச்சு போய்க்கொண்டிருக்கிறது என்பதே என் கணிப்பு. ருசின் மொழிவழியில் கற்பிக்கும் தொடக்கப்பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்னா ரொஸ்தோகா, க்லெனோவா போன்ற ஊர்களில் அவை இருக்கின்றன.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை பெயர்களையும் மாற்றி மாற்றிக் கேட்ட கிழவர் ஒருவரிடம் "நீங்கள் என்ன மொழி பேசுகிறீர்கள்" என்று கேட்டால், ருசின் என்றோ ஸ்லோவாக் என்றோ உக்ரைனியம் என்றோ அவர் சொல்ல மாட்டார். "போ நஷோமு" என்பார். 'நம்ம பேச்சு' என்று தமிழில் சொல்லலாம். எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

கேள்வி: போர்க்காலத்தில் இந்த மலைகளில் சண்டை நடந்ததா? (வேலூர் வாசகர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர்)

பதில்: கடுமையாக நடந்தது. 1944 செப்டம்பரில் சோவியத் படையும் அதனுடன் இணைந்த செக்கோஸ்லோவாக்கியப் படைப்பிரிவும் துக்லா கணவாய் வழியாக நுழைய முயன்றன. சில நாட்களில் முடியும் என்று போட்ட திட்டம் அக்டோபர் இறுதிவரை இழுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. செப்டம்பர் 21 அன்று விடுதலை பெற்ற கலினோவ் என்னும் ருசின் ஊரே செக்கோஸ்லோவாக்கிய மண்ணில் முதலில் மீண்ட ஊர். ஸ்வித்னீக் நகருக்கு அருகே டாங்கிகள் மோதிக்கொண்ட பள்ளத்தாக்கை இன்றும் 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே அழைக்கிறார்கள். சாலையோர வயல்களில் பழைய டாங்கிகளை நினைவுச்சின்னங்களாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மிக்கோவாவைப் போலவே ஸ்ட்ரோப்கோவ் வட்டத்தைச் சேர்ந்த தோகாயீக்கில் நடந்தது போர் அன்று, படுகொலை. கொரில்லாப் படையினருக்கு உதவினார்கள் என்று சொல்லி 1944 நவம்பர் 19ஆம் நாள் ஜெர்மானியர் அவ்வூர் ஆண்களைக் காட்டுக்கு நடத்திச் சென்று சுட்டார்கள். 32 பேர் இறந்தார்கள், இருவர் பிணங்களுக்கிடையே தப்பினார்கள். ஊருக்கும் தீ வைத்தார்கள்.

கேள்வி: ருசின், ஸ்லோவாக் தவிர வேறு மக்கள் அங்கு இல்லையா? (காரைக்குடி வாசகி)

பதில்: இருந்தார்கள், இருக்கிறார்கள். ஊர்ச் சாராயக்கடையும் மளிகைக்கடையும் நடத்தியவர்கள் பல இடங்களில் யூதக் குடும்பத்தினர். ஸ்ட்ரோப்கோவ், மெட்ஸிலபோர்ட்ஸே போன்ற சிறுநகரங்களில் அவர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். 1942 மார்ச் 25ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் இளம் யூதப் பெண்களை ஏற்றிக்கொண்டு போப்ராத் நிலையத்திலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு முதல் ரயில் புறப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஸ்லோவாக் அரசு ஐம்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை நாடுகடத்திவிட்டது. பல ஊர்களில் புதரடர்ந்த இடுகாடு மட்டுமே மிச்சம். ஜிப்ஸிகள் என்று பிறர் அழைத்த ரோமா மக்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஊர் எல்லையில், குழாய்த் தண்ணீரும் ஒழுங்கான சாலையும் கடைசியாக வந்துசேரும் குடியிருப்புகளில். நாட்டுப்புற அழகைப் பாடும் எழுத்துகள் அந்தக் குடியிருப்புகளைத் தாண்டிக் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுகின்றன.

கேள்வி: ஓர் அணைக்காக ஏழு ருசின் ஊர்களைக் காலிசெய்தார்கள் என்பது உண்மையா? அவை நீருக்கடியில் இருக்கின்றனவா? (ஈரோடு வாசகர்)

பதில்: முதற்பாதி உண்மை, இரண்டாம் பாதி முழு உண்மை இல்லை. சிரோஹா ஆற்றில் கட்டிய ஸ்தாரினா நீர்த்தேக்கம் 1980களில் உருவானது. கிழக்கு ஸ்லோவாக்கியாவின் நகரங்களுக்குக் குடிநீர் தருவது அதுதான். தாரா, ஒஸ்த்ரோஜ்னிட்ஸா, ருஸ்கே, ஸ்மோல்னீக், ஸ்தாரினா, வெல்கா பொல்யானா, ஸ்வாலா ஆகிய ஏழு ஊர்களையும் காலிசெய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஸ்னினா, ஹுமென்னே நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ஆனால் அந்த ஊர்களில் பெரும்பாலானவை நீரில் மூழ்கவில்லை. தேக்கத்துக்கு வரும் தண்ணீர் மாசுபடக் கூடாது என்பதற்காக மேல்பகுதிப் பள்ளத்தாக்கில் மனிதரே வாழக் கூடாது என்று முடிவுசெய்து வீடுகளை இடித்தார்கள். ஆகவே போனவர்கள் தம் ஊர் இருந்த இடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்: வீடு இருந்த இடத்தில் புல், வேலியோரம் நட்ட பழமரங்கள், கல்லறைத் தோட்டம். கல்லறைகளைச் சுத்தம் செய்து வழிபாடு நடத்த அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். மூழ்கிய ஊரைவிட இது ஆறுதலா, கூடுதல் துயரமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: இவர்களுடைய விருந்துச் சாப்பாடு என்ன? (மதுரை வாசகி)

பதில்: கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு உணவைச் சொன்னால் போதும், மற்றவை விளங்கிவிடும். அன்று நோன்பு, இறைச்சி கிடையாது. முதல் விண்மீன் தெரியும்வரை காத்திருந்து உட்காருவார்கள். மேசை விரிப்பின் கீழ் வைக்கோல் இருக்கும். குடும்பத் தலைவர் அல்லது தலைவி ஒவ்வொருவர் நெற்றியிலும் தேனால் சிலுவை இடுவார். பிறகு தேனில் தொட்ட பூண்டு. உலர்காளானும் புளித்த முட்டைக்கோஸ் நீரும் சேர்த்த புளிப்புச் சாறு 'மச்சன்கா'. மாவில் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுட்டு, அரைத்த கசகசாவும் தேனும் பிசறியது 'பொபால்கி'. உருளைக்கிழங்கு வைத்து மடித்து அவித்த 'பிரொஹி'. அரிசியும் காளானும் வைத்து முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய 'ஹொலுப்கி'யும் உண்டு. மற்ற நாட்களில் இறைச்சியும் சேரும். பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிடாத ஊர்களில் இந்த இரவு ஜனவரி 6ஆம் நாள் வரும். பக்கத்து ஸ்லோவாக் ஊர்க்காரர்களோ டிசம்பர் 24ஆம் நாளே கொண்டாடி முடித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு கிறிஸ்துமஸ். அவர்கள் யாரும் குறைசொன்னதாகத் தெரியவில்லை.

கேள்வி: இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்? பிழைப்பு எப்படி? (சேலம் வாசகர்)

பதில்: பெரும்பாலும் முதியவர்கள். ஊர் எவ்வளவு சிறிதாயினும் தேர்ந்தெடுத்த தலைவர் உண்டு, மன்றம் உண்டு. கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் முதலில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நாளை தண்ணீர் வராது, வண்டியில் கோழிக்குஞ்சு விற்க வருகிறார்கள் என்று அலுவலகத்திலிருந்து அறிவிப்பார்கள். வேலை செய்யும் வயதில் உள்ளவர்கள் செக் நாட்டுக் கட்டுமானங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். பெண்களில் பலர் ஆஸ்திரியாவில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறார்கள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில் என்பது பரவலான முறை. அங்குள்ள தாத்தாவைக் குளிப்பாட்டச் சம்பளம் வாங்கும் அதே பெண்ணின் தாயை, அந்த இரண்டு வாரம் அண்டைவீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள்.

கேள்வி: வார்ஹோலின் பெற்றோர் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள்? அந்த ஊரின் பேச்சும் பழக்கமும் அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? (புதுச்சேரி வாசகி)

பதில்: 1880களிலிருந்தே இந்த மலையூர்களின் ஆண்கள் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் போய்வந்தார்கள். துண்டுபட்ட நிலத்துக்கு மேலும் ஒரு துண்டு வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டு திரும்புவதுதான் தொடக்கத்தில் எண்ணம். பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஐவோ ஜீமா தீவில் அமெரிக்கக் கொடியை நட்ட வீரர்களின் புகழ்பெற்ற படத்தில் உள்ள மைக்கேல் ஸ்ட்ராங்க், யராபினா என்னும் ருசின் ஊரில் 1919இல் பிறந்தவர்.

ஆந்திரெய் வர்ஹோலாவும் யூலியா ஸவாட்ஸ்காவும் 1909இல் மிக்கோவாவில் மணந்துகொண்டார்கள். முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு ஆந்திரெய் அமெரிக்கா போய்விட்டார். அவர்களுடைய முதல் பெண் குழந்தை கைக்குழந்தையாகவே ஊரில் இறந்தது. போர், வறுமை, மாமியார் வீட்டு வேலை என்று ஆண்டுகள் கழிந்து, 1921இல்தான் யூலியா பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். ஆண்டி 1928இல் பிறந்தார். ருசின் குடும்பங்கள் கூடிவாழ்ந்த பகுதியில், கிரேக்கக் கத்தோலிக்கக் கோயிலுக்கு வாரந்தோறும் போய், புனிதர் படச்சுவரைப் பார்த்தபடி நின்று வளர்ந்த பிள்ளை அவர். ஒரே முகத்தை வரிசை வரிசையாகப் பொன்னிறப் பின்னணியில் வைக்கும் அவருடைய ஓவியங்களுக்கும் அந்தச் சுவருக்கும் உறவு உண்டு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மெட்ஸிலபோர்ட்ஸேயில் 1991இல் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். வாசலில், அவர் வரைந்து புகழ்பெற்ற சூப் டப்பாக்களைப் போல, ஆளுயரத்தைவிடப் பெரிய இரண்டு டப்பாக்கள் நிற்கின்றன.

யூலியா 1952 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நியூயார்க்கில் மகனோடு வாழ்ந்தார். இருவரும் வீட்டில் பேசிக்கொண்டது 'போ நஷோமு'தான். மிக்கோவாவில் பெண்கள் குண்டூசித் தலையால் மெழுகு தொட்டு ஈஸ்டர் முட்டையில் பூவேலை செய்வார்கள். அந்தக் கையோடு வந்த யூலியா பூனைகளையும் தேவதைகளையும் வரைந்துகொண்டே இருந்தார். அவருடைய சுழி நிறைந்த கையெழுத்து மகனுக்குப் பிடித்துப்போய், 1950களின் விளம்பரப் படங்களுக்கும் ஓவியங்களுக்கும் எழுத்துகளை அம்மாவையே எழுதச் சொன்னார். யூலியாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பார்த்து எழுதும்போது எழுத்துகள் விட்டுப்போகும். மகன் அவற்றைத் திருத்தவில்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.